மெலிந்த பிள்ளையின் நாடி: தோட்டப்புறக் கிளினிக்கில் அனோரெக்சியாவைக் கண்டறிந்து கவனிக்கும் முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களின் கிளினிக்குகளுக்கு அனோரெக்சியா நெர்வோசா என்ற உணவுக் கோளாறு தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ‘கேஸ்ட்ரிக்’ என்று வரும். மூன்று மாதமாக மாதவிலக்கு இல்லை என்று தாய் தயங்கித் தயங்கிச் சொல்வதாக வரும். காலை அணிவகுப்பில் மயங்கி விழுந்தாள் என்ற ஆசிரியரின் குறிப்போடு வரும். வயிற்று மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் இரண்டு நாள் மருத்துவ விடுப்பும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டால், அடுத்த முறை அந்தப் பிள்ளை ஆம்புலன்சில் வரக்கூடும். இது கோலாலம்பூர்ப் பணக்காரப் பிள்ளைகளின் நோய் என்ற எண்ணம் மருத்துவம் படித்த நம்மிடமே இருப்பதுதான் முதல் தடை. தோட்டப்புறத்தில் நோயாளியை முதலில் பார்க்கும் மருத்துவர், மருத்துவ உதவியாளர், தாதியர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். எடைக் கருவி, இரத்த அழுத்தக் கருவி, விநாடி முள் உள்ள கடிகாரம், அவசரப்படாத கால்மணி நேரம் ஆகியவை இருந்தால் இந்நோயைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதே என் நிலைப்பாடு.

நோயின் இலக்கணம் மூன்று கூறுகளைக் கொண்டது. உடலுக்குத் தேவையானதைவிடக் குறைவாக உண்டு எடை மிகக் குறைந்திருப்பது ஒன்று. எடை கூடிவிடுமோ என்ற கடும் அச்சம், அல்லது எடை கூடாதபடி தொடர்ந்து தடுக்கும் நடத்தை, மற்றொன்று. தன் உடலின் அளவையும் மெலிவின் ஆபத்தையும் உள்ளபடி உணர முடியாமை மூன்றாவது. மாதவிலக்கு நின்றிருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் நீக்கிவிட்டது. ஆகவே மாதவிலக்கு வருகிறது என்பதற்காக நோயை மறுக்கக் கூடாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் பதினோராம் நோய் வகைப்பாடு பெரியவர்களுக்கு 18.5க்குக் குறைந்த பி.எம்.ஐ.யை (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் குறியீட்டை) எல்லையாக வைக்கிறது. ஆறு மாதத்துக்குள் உடல் எடையில் 20 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. பலருக்குப் பசி இருக்கும், அதோடு நாள் முழுவதும் போராடுவார்கள். அதனால் ‘பசி எடுக்கிறதா’ என்று கேட்டு ‘எடுக்கிறது’ என்ற பதிலைப் பெற்றுத் திருப்தி அடைவதில் பயனில்லை.

யாரைச் சந்தேகிப்பது

பதின்ம வயதுப் பெண்பிள்ளைகளே அதிகம் என்றாலும் ஆண்பிள்ளைகளும் வருவார்கள்; கால்பந்து, ஓட்டம், ‘உடம்பை வெட்டுவது’ (கொழுப்பைக் குறைத்துத் தசையை எடுப்பாக்குவது) என்று அவர்கள் வேறு மொழியில் பேசுவார்கள். மெலிந்தவர்களை மட்டும் தேடுவதும் பிழை. 1.58 மீட்டர் உயரமுள்ள மாணவி 82 கிலோவிலிருந்து சில மாதங்களில் 58 கிலோவுக்கு வந்திருந்தால் அவளுடைய பி.எம்.ஐ. 23 என்று அட்டவணை காட்டும். ஆனால் அவள் தன் எடையில் ஏறத்தாழ 29 விழுக்காட்டை இழந்திருக்கிறாள், அவளுடைய இதயம் மிக மெலிந்த பிள்ளையின் இதயத்தைப் போலவே தளர்ந்திருக்கலாம். இப்படிப்பட்ட பிள்ளைக்கு ஆசிரியர் முதல் அத்தை வரை எல்லாரும் பாராட்டுத்தான் சொல்லியிருப்பார்கள். நாமும் அந்தப் பாராட்டில் சேர்ந்துகொள்ளாமல், ‘எப்படிக் குறைத்தாய்’ என்று கேட்க வேண்டும்.

உடைமாற்றம் ஒரு நல்ல தடயம். பினஃபோர் அணிந்தவள் திடீரென்று உடலை மூடும் தளர்வான மலாய் உடையான பாஜு கூரோங்குக்கு மாறுவதும், நம் ஊர் வெயிலில் சுவெட்டரைக் கழற்ற மறுப்பதும் மெலிவை மறைக்கவும் குளிரைத் தாங்கவும் நடப்பவையாக இருக்கலாம். வீட்டில் எல்லாருக்கும் கேக் செய்து கொடுத்து, சமையல் காணொளிகளை மணிக்கணக்கில் பார்த்து, தான் மட்டும் உண்ணாதிருப்பதும் அப்படியே. 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 ஆரோக்கியமான ஆண்களை ஆறு மாதம் அரைப் பட்டினியில் வைத்து ஆராய்ந்தபோது, அவர்களும் உணவைப் பற்றியே பேசினார்கள், சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், எரிந்து விழுந்தார்கள். பிள்ளையின் பிடிவாதம் என்று பெற்றோர் கருதுவதில் பெரும்பகுதி பட்டினி மூளைக்குச் செய்யும் வேலை என்பதை இந்த ஆய்வைச் சொல்லி விளக்கினால் அவர்களுக்கு எளிதில் புரிகிறது.

நம் மக்களிடையே தனியாகக் கவனிக்க வேண்டியது விரதம். புரட்டாசிச் சனி, கந்த சஷ்டி, ஈப்போ கல்லுமலைக் கோயிலில் தைப்பூசக் காவடிக்கான நாற்பத்தெட்டு நாள் என்று விரதங்கள் இருப்பதால் உண்ணாமை வீட்டில் கேள்விக்கு உட்படுவதில்லை. பல வேளைகளில் பெருமையாகவும் பார்க்கப்படுகிறது. விரதத்தைக் குறை சொல்லாமல் மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும்: விரதம் என்று முடிகிறது, முடிந்த அன்று அவள் வீட்டாரோடு அமர்ந்து இலையில் உள்ளதை உண்கிறாளா, பாயசத்தையும் பஞ்சாமிர்தத்தையும் என்ன செய்கிறாள்? பக்தியால் வரும் விரதத்துக்கு முடிவு நாள் உண்டு. அதை முடிக்கும்போது மகிழ்ச்சியும் உண்டு. நோயால் வரும் விரதமோ ஒன்று முடியுமுன் அடுத்ததைத் தேடிக்கொள்ளும், விலக்கும் உணவுப் பட்டியலையும் நீட்டிக்கொண்டே போகும். உடல்நலமில்லாதவர்கள் விரதம் இருக்க வேண்டியதில்லை என்பதை நாம் சொல்வதைவிடக் கோயில் குருக்கள் சொன்னால் பாட்டிமார் ஏற்றுக்கொள்வார்கள். தமிழ் முஸ்லிம் குடும்பங்களிலும் நோன்பு மாதத்தில் நோயாளிக்குச் சலுகை உண்டு என்பதை நினைவூட்டலாம்.

கேட்பது

முதலில் தாயையும் பிள்ளையையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, பின்பு ஒரு தாதியை உடன் வைத்துக்கொண்டு பிள்ளையிடம் தனியாகப் பேசுங்கள். தாய் எதிரில் இருக்கும்போது வாந்தியைப் பற்றியோ மலமிளக்கி மாத்திரையைப் பற்றியோ எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. லண்டனில் உருவாகி 1999இல் வெளியான ஐந்து கேள்விகள் தொடக்கத்துக்கு உதவும்: வயிறு நிறைந்த சங்கடத்தால் நீயே வாந்தி எடுப்பதுண்டா, எவ்வளவு உண்கிறோம் என்பதில் கட்டுப்பாடு போய்விட்டதாகக் கவலைப்படுகிறாயா, மூன்று மாதத்தில் ஆறு கிலோவுக்கு மேல் குறைந்திருக்கிறாயா, மற்றவர்கள் ஒல்லி என்று சொன்னாலும் நீ பருமன் என்று நம்புகிறாயா, உணவுதான் உன் வாழ்க்கையை ஆள்கிறது என்று சொல்லலாமா? இரண்டுக்கு ‘ஆம்’ வந்தால் மேற்கொண்டு ஆராய வேண்டும். ஒன்றுக்குக்கூட வரவில்லை என்றாலும் மெலிவும் மெதுவான நாடியும் இருந்தால் ஆராய்ந்தே ஆக வேண்டும்.

இணையத்தில் விற்கும் இளைக்கும் டீ, மாத்திரை, காப்பி பற்றிப் பெயரோடு கேளுங்கள், பொட்டலத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். இவற்றில் சிலவற்றில் தடை செய்யப்பட்ட பசியடக்கும் மருந்தான சிபுத்ரமின் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. அம்மருந்து நாடியையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றுவதால் நமக்கு வேண்டிய அடையாளமே மறைந்துபோகும். இறுதியாக, தற்கொலை எண்ணத்தைச் சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்க வேண்டும். 2011இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி இந்நோயாளிகளின் இறப்பு வீதம் சமவயதினரைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு. இறந்தவர்களில் ஐவரில் ஒருவர் தற்கொலையால் இறந்தார். போலீசுக்குப் போய்விடுமோ என்று குடும்பம் அஞ்சினால், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டதைச் சொல்லுங்கள்.

எடை, நாடி, அழுத்தம்

எடையை வரிசையில் நிற்பவர்கள் முன்னிலையில் எடுக்காதீர்கள். தாதி எண்ணை உரக்கச் சொல்லவும் கூடாது. சிறுநீர் கழித்த பின், காலணியும் சுவெட்டரும் இல்லாமல், சட்டைப்பையைக் காலி செய்துவிட்டு எடுக்க வேண்டும். எடை பார்ப்பதற்குமுன் ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்து வருவது இந்நோயில் வழக்கமான தந்திரம். பழைய எடை தெரியாமல் இன்றைய எடைக்குப் பொருளில்லை. குழந்தைப் பருவச் சுகாதாரப் புத்தகத்தையும் பள்ளியில் சேகாக் உடற்தகுதிச் சோதனைக்காக எடுத்த உயரம், எடைப் பதிவுகளையும் கேட்டு வாங்கி வளர்ச்சிக் கோட்டில் குறியுங்கள். பல ஆண்டுகள் ஒரே கோட்டில் ஏறிவந்த எடை எந்த மாதத்தில் முறிந்தது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும், பெற்றோருக்கும் காட்டலாம்.

அடுத்தது நாடி. ஐந்து நிமிடம் படுக்க வைத்து, முழு ஒரு நிமிடம் விரலால் எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டாம். கருவியில் 46 என்று காட்டினால் ‘விளையாட்டு வீராங்கனை போலிருக்கிறது’ என்று கடந்துபோகும் பழக்கம் நம்மிடம் உண்டு. அரிசி குறைந்த வீடு கஞ்சி வைத்து நாளைக் கடத்துவதுபோல், பட்டினியில் உள்ள உடல் இதயத் துடிப்பையும் வெப்பத்தையும் மாதவிலக்கையும் குறைத்துக்கொண்டு உயிரைக் காப்பாற்றிக்கொள்கிறது. ஆகவே மெலிந்து கொண்டிருக்கும் பிள்ளையின் மெதுவான நாடி தேர்ந்த உடற்பயிற்சியின் அடையாளமாகாது. நாடியும் இரத்த அழுத்தமும் படுத்த நிலையிலும் எழுந்து நின்ற சில நிமிடங்களிலும் எவ்வளவு மாறுகின்றன என்று பாருங்கள். பிறகு கைகளை ஊன்றாமல் படுக்கையிலிருந்து எழுந்து உட்காரவும், குந்தியிருந்து எழவும் சொல்லுங்கள். முடியாவிட்டால் தசைகள் கரைந்துவிட்டன என்று பொருள்.

கையைப் பிடிக்கும்போதே பல செய்திகள் கிடைக்கும்: குளிர்ந்து நீலம் பாரித்த விரல்கள், முதுகிலும் கன்னத்திலும் பூனைமுடி, கணுக்கால் வீக்கம். விரல் முட்டிகளின்மேல் தழும்பும், காதுக்கு முன்னால் கன்னம் புடைத்திருப்பதும், பல்லின் உட்புறம் அரித்திருப்பதும் வாந்தி எடுப்பதைக் காட்டும்.

இரத்தப் பரிசோதனையை எப்படிப் படிப்பது

முழு இரத்த எண்ணிக்கை, யூரியாவும் தாது உப்புகளும், பாஸ்பேட், மெக்னீசியம், கால்சியம், சர்க்கரை, கல்லீரல், தைராய்டு ஆகியவற்றுக்கும் இ.சி.ஜி.க்கும் எழுதுங்கள், மாதவிலக்கு நின்றிருந்தால் கர்ப்பச் சோதனையையும் தனிமையில் பேசிச் செய்துகொள்ளுங்கள். இவையெல்லாம் இயல்பாக வருவதே வழக்கம் என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். ‘ரத்தம் நன்றாக இருக்கிறது’ என்று நாம் சொல்லும் ஒரு வாக்கியம் அடுத்த ஆறு மாதம் வீட்டில் சாட்சியாக நிற்கும். பொட்டாசியம் குறைந்திருந்தால் வாந்தி, மலமிளக்கி, நீர்மாத்திரை ஆகியவற்றைத் தேடுங்கள். கொலஸ்ட்ரால் கூடியிருப்பது பட்டினியின் விளைவாகவே இருக்கலாம்; அதைப் பார்த்துவிட்டுக் கொழுப்பைக் குறைக்கச் சொல்வது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றும் வேலை.

மெலிவுக்கு வேறு காரணங்களும் உண்டு. காசநோயில் காய்ச்சல், இருமல், உயர்ந்த இ.எஸ்.ஆர். (அழற்சியைக் காட்டும் இரத்தச் சோதனை) இருக்கும், அனோரெக்சியாவில் இ.எஸ்.ஆர். பெரும்பாலும் குறைவு. தைராய்டு மிகைப்பில் நாடி வேகமாக ஓடும். நீரிழிவில் தாகமும் சிறுநீரும் மிகும். ஏற்கெனவே இன்சுலின் போடும் பிள்ளை இளைப்பதற்காக ஊசியைத் தவிர்க்கிறாளா என்றும் கேட்க வேண்டும். இந்த மற்ற நோய்கள் உள்ளவர்கள் பெரும்பாலும் மெலிவதைப் பற்றிக் கவலைப்படுவார்கள். அனோரெக்சியா உள்ள பிள்ளையோ கவலைப்படுவதில்லை.

இன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியவர்கள்

பதின்ம வயதினரில் பகலில் நாடி 50க்குக் கீழ், இரத்த அழுத்தம் 90/45க்குக் கீழ், உடல் வெப்பம் 35.6 பாகைக்குக் கீழ், வயதுக்குரிய நடுநிலை பி.எம்.ஐ.யில் 75 விழுக்காடோ அதற்குக் குறைவோ, தாது உப்புகளில் குலைவு, இ.சி.ஜி.யில் கியூ.டி. இடைவெளி நீண்டிருத்தல் (இதயத் தாளம் தவறும் ஆபத்தின் அடையாளம்), மயக்கம், உணவை அடியோடு மறுத்தல், தற்கொலை எண்ணம் ஆகிய இவற்றில் ஒன்று இருந்தாலும் அனுப்புங்கள். பெரியவர்களுக்கு நாடி 40க்குக் கீழ் என்பது அபாய எல்லை.

அனுப்புமுன் ஒரு காரியத்தைச் செய்யாதீர்கள். ‘உடம்பு பலவீனமாக இருக்கிறது, ஒரு டிரிப் போட்டு விடுங்கள் டாக்டர்’ என்று வீட்டார் கேட்பார்கள், தனியார் கிளினிக்குகளில் அது எளிதாகக் கிடைக்கவும் செய்யும். நாட்கணக்கில் பட்டினி கிடந்த உடலுக்குள் திடீரென்று சர்க்கரை புகுந்தால் இன்சுலின் பெருகி, இரத்தத்திலிருந்த பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவற்றைச் செல்களுக்குள் இழுத்துக்கொள்கிறது, தயமினும் (வைட்டமின் பி1) தீர்ந்துபோகிறது. இதயத் தாளம் தவறலாம், மூச்சுத் தசை தளரலாம், வலிப்பு வரலாம். மறுஉணவூட்டல் நோய்க்குறி எனப்படும் இது உணவைத் தொடங்கிய முதல் சில நாட்களில்தான் தாக்கும். சலைனை வேகமாக ஏற்றினாலும் மெலிந்த இதயம் தாங்காது. உண்மையிலேயே சர்க்கரை ஆபத்தான அளவு இறங்கியிருந்தால் மட்டும் தயமினோடு சேர்த்துச் சரிசெய்துவிட்டு வண்டியேற்றுங்கள்.

வார்டில் தயமின் நாளுக்கு 200 முதல் 300 மில்லிகிராம் கொடுத்து, முதல் வாரம் பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் நாள்தோறும் பார்த்து உணவை ஏற்றுவார்கள். முன்பு மிகக் குறைந்த கலோரியில் தொடங்கி மெல்ல ஏற்றுவது வழக்கமாக இருந்தது. மிகக் கடுமையாக மெலியாத இளையவர்களுக்கு, நெருங்கிய கண்காணிப்பில், நாளுக்கு 2000 கலோரியில் தொடங்கினால் உடல்நிலை விரைவாகச் சீராகிறது, உப்புக் குலைவும் கூடுவதில்லை என்று 2021இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. பி.எம்.ஐ. மிகத் தாழ்ந்தவருக்கு இதைப் பொருத்தக் கூடாது.

வீட்டில் நடக்கும் மருத்துவம்

உடல்நிலை ஆபத்தில்லாத பிள்ளைக்கும் வார்டிலிருந்து திரும்பிய பிள்ளைக்கும் உணவே மருந்து. அதைக் கொடுப்பவர்கள் பெற்றோர். இந்நோய்க்குப் பெயரிட்ட ஆங்கில மருத்துவர் வில்லியம் கல், உறவினர்கள்தான் மிக மோசமான பராமரிப்பாளர்கள் என்று 1874இல் எழுதினார். ஒரு நூற்றாண்டுக்குப் பின் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் அந்தக் கருத்து தலைகீழானது. இன்று பதின்ம வயதினருக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது குடும்பம் சார்ந்த சிகிச்சைதான், வழக்கமாக ஓராண்டில் 18 முதல் 20 அமர்வுகள். சிறப்பு மையங்கள் தொலைவில் உள்ள நமக்கு இது பெரிய வாய்ப்பு.

தொடக்கத்தில் பெற்றோரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டியவை: இந்நோய்க்கு நீங்கள் காரணமல்ல, பிள்ளையும் வேண்டுமென்று செய்யவில்லை, என்ன, எவ்வளவு, எப்போது உண்பது என்பதை இப்போதைக்கு நீங்களே முடிவு செய்ய வேண்டும். மூன்று வேளை உணவும் இரண்டு மூன்று இடைவேளைச் சிற்றுண்டியும் தவறாமல் வேண்டும். தோட்டப்புறக் குடும்பங்களில் சிக்கல் இங்கேதான் எழுகிறது. தாய் விடியுமுன் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிவிடுவார், தந்தை செம்பனை லாரியோடு போய்விடுவார். ஆகவே கிளினிக்கிலேயே ஒரு தாளை எடுத்து, எந்த வேளைக்கு யார் பிள்ளையின் அருகில் உட்காருவார் என்று எழுதுங்கள்: காலைக்குத் தந்தை, பள்ளி இடைவேளைக்கு ஆலோசனை ஆசிரியர், மதியத்துக்குப் பாட்டி, இரவுக்குத் தாய். பெயரில்லாத கட்டம் எதுவோ அந்த வேளை உணவு குப்பைத்தொட்டிக்குப் போகும் என்று எடுத்துக்கொள்ளலாம். பாட்டியை அடுத்த சந்திப்புக்கு அழைத்து வரச் சொல்லுங்கள். ‘பிள்ளை அழுகிறாளே, பாவம், விட்டுவிடு’ என்று உருகுபவரும் அவர்தான், மனம் வைத்தால் அசையாமல் உட்காருபவரும் அவர்தான்.

தனி உணவு தேவையில்லை. வீட்டுச் சோறு, பருப்பு, நெய், முட்டை, தேங்காய்ப்பால் குழம்பு, தயிர், முழுக்கொழுப்புப் பாலில் கலந்த மைலோ, நிலக்கடலை போதும். பாலில் பாஸ்பேட்டும் உண்டு. அரை மணிக்குள் தட்டை முடிக்கப் பழக்க வேண்டும். உண்ட பின் ஒரு மணி நேரம் யாராவது உடனிருந்தால் வாந்திக்கு வழியில்லை. உணவு மேசையில் எடை, கலோரி, அழகு பற்றிப் பேச்சு வேண்டாம்; ‘கொஞ்சம் சதை போட்டிருக்கிறாய்’ என்று உறவினர் அன்பாகச் சொல்வதுகூட நோயின் காதில் வேறு மாதிரி விழும். வயிறு உப்புகிறது என்று அவள் சொல்வதை நம்புங்கள்: பட்டினியில் இரைப்பை மெதுவாகவே காலியாகும், சில வாரங்கள் ஒழுங்காக உண்டால் சீராகிவிடும். உடற்கல்வி வகுப்புக்கு விலக்குக் கடிதம் கொடுங்கள். வாரம் ஒருமுறை கிளினிக்கில் எடையும் நாடியும் பாருங்கள். வாரத்துக்கு அரைக் கிலோ ஏறினால் நல்ல முன்னேற்றம். எடை மீண்ட பின் உண்ணும் பொறுப்பைச் சிறிது சிறிதாகப் பிள்ளையிடமே திருப்பிக் கொடுப்பது சிகிச்சையின் அடுத்த கட்டம்.

வயதுவந்தவர்களுக்கு உணவுக் கோளாறுக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை போன்ற தனிநபர் உளச்சிகிச்சைகள் உண்டு; அவற்றை மனநலத் துறையின் வழியாகவே ஏற்பாடு செய்ய வேண்டும்.

மருந்துப் பெட்டியில் கவனம்

எடையை மீட்கும் மாத்திரை என்று ஒன்றில்லை. ஓலன்சபின் என்ற மனநோய் மருந்து சிலருக்குச் சிறிது உதவுகிறது, அதை மனநல மருத்துவர் முடிவு செய்யட்டும்; பட்டினியில் உள்ள மூளையில் மனச்சோர்வு மாத்திரைகள் பெரிதாக வேலை செய்வதில்லை. வயிற்று உப்பலுக்கும் குமட்டலுக்கும் நாம் வழக்கமாக எழுதும் டொம்பெரிடோன் கியூ.டி. இடைவெளியை நீட்டும், பொட்டாசியம் குறைந்த, மெதுவாகத் துடிக்கும் இதயத்துக்கு அது ஏற்றதல்ல. மாதவிலக்கை வரவழைக்கக் கருத்தடை மாத்திரை கொடுப்பதும் வேண்டாம். அதனால் எலும்பு வலுப்பெறுவதில்லை; எடை மீண்டதைக் காட்டும் இயல்பான மாதவிலக்கையும் அது மறைத்துவிடும்.

அனுப்பும்போதும் அதற்குப் பின்னும்

பேராக்கில் மனநல மருத்துவர் என்று சொன்னாலே குடும்பத்தின் நினைவுக்கு வருவது பழைய மனநல மருத்துவமனை உள்ள தஞ்சோங் ரம்புத்தான். ஊரார் கேலிப் பேச்சில் அந்த இடத்தின் பெயர் பட்ட பாடு நமக்குத் தெரியும். எனவே ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் பொது மருத்துவமனைக்கு அனுப்புவதாக முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். இதயத்தையும் எலும்பையும் பார்க்கும் மருத்துவரும் மனத்தைப் பார்க்கும் மருத்துவரும் சேர்ந்து கவனிப்பார்கள் என்று விளக்குங்கள். கடிதத்தில் தேதியோடு எடைகள், படுத்தும் நின்றும் எடுத்த நாடியும் அழுத்தமும், இ.சி.ஜி., கடைசி மாதவிலக்கு, உண்ணும் அளவு, வாந்தி, மாத்திரை, தற்கொலை எண்ணம் எல்லாம் இருக்க வேண்டும். ‘மெலிவு, ஆராயவும்’ என்று ஒரு வரி எழுதினால் சந்திப்பு நாள் மாதக்கணக்கில் தள்ளிப்போகும். காத்திருக்கும் காலத்திலும் வாராந்தரப் பார்வையை நிறுத்தக் கூடாது. நெருக்கடி வந்தால் அழைக்கச் சுகாதார அமைச்சின் 15555 என்ற மனநல உதவி எண்ணைத் தாய், பிள்ளை இருவரிடமும் கொடுத்து வையுங்கள். பதினெட்டு வயது நிறைந்தவர் உயிராபத்திலும் சிகிச்சையை மறுத்தால், 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டம் பற்றி மனநலப் பிரிவோடு தொலைபேசியில் உடனே பேசுங்கள்.

எடை மீண்ட பின்னும் முதல் ஓராண்டில் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். தேர்வு முடிந்து பிள்ளை பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேசன் கல்லூரிக்கோ பினாங்குத் தொழிற்சாலை விடுதிக்கோ போகும் மாதத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு முன்பே ஒரு சந்திப்பை வைத்து, விடுதியில் யாரோடு உண்பாள் என்று கேளுங்கள். எந்த எடைக்குக் கீழே இறங்கினால் வீடு திரும்ப வேண்டும் என்பதைப் பெற்றோர் முன்னிலையில் அவளோடு பேசி முடிவு செய்து, அந்த எண்ணையும் இதுவரையிலான பதிவுகளையும் புதிய ஊரின் கிளினிக்குக்கு எழுதும் கடிதத்தில் சேர்த்து அவள் கையில் கொடுங்கள்.